வூட்டு கேன்

கப்பல்
மார்ச் 2

சுவேதாவுக்கு,

உனக்கு எழுதுவதாக இல்லை. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், அதில் படம் வராது. வேறு வழியில்லாமல்தான் உனக்கு எழுதுகிறேன். படித்ததும் குப்பத்துக்குப் போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. உன்னிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

எங்கள் போன்களைக் கேப்டன் வாங்கிப் பூட்டிவிட்டார். இன்டர்நெட்டும் கிடையாது. கம்பெனி ரூலாம். கப்பலுக்குத் தண்ணீரும் காய்கறியும் கொண்டுவருகிற படகில் ஏசுதாஸ் என்று ஒரு குளச்சல்காரர் இருக்கிறார். நல்ல மனிதர். இந்தத் தாளைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவது அவர்தான். பதில் எழுதினால் அவர் நம்பருக்கே அனுப்பு, பிரின்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். ஊர் பெயர், கப்பல் பெயர் எதுவும் எழுதக் கூடாது என்பது அவர் போட்ட கண்டிஷன்.

அம்மாவிடம் சொன்ன மாதிரி சிங்கப்பூர் பக்கம்தான் இருக்கிறேன். கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. சரக்கு பம்ப்பை ஓட்டுகிற பம்ப்மேனுக்கு நின்ற கப்பலில் என்ன வேலை? குழாயைத் துடைக்கிறேன், வால்வுக்குக் கிரீஸ் வைக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நம்ம பக்கத்துப் பையன் ஒருவன் கூட இருக்கிறான். புதுப்பட்டினம் தமிழ்வாணன். நாள் முழுக்கப் பாட்டு. வாயை மூடவே மாட்டான்.

அம்மாவை மாத்திரை போடச் சொல். மழைக்கு முன்னால் கூரை ஷீட்டை மாற்றச் சொல்லி பக்கத்து வீட்டு சீனுவிடம் சொல்லியிருந்தேன், செய்தானா என்று பார்.

உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்ல மாட்டேன். நான் கேட்கவில்லை.

சுதாகர்


செங்கல்பட்டு
மார்ச் 6

அண்ணாவுக்கு,

இரண்டு வருஷம் கழித்து ஒரு கடிதம். அதன் முதல் வரி 'உனக்கு எழுதுவதாக இல்லை'. உன்னை மாதிரி ஒருவனை வலைபோட்டுத் தேடினாலும் கிடைக்காது.

என் நிச்சயதார்த்தத்தில், தீனதயாளன் வீட்டார் தாம்பூலத் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது நீ என்ன சொன்னாய்? "மீன் கவுச்சி புடிக்காமத்தான் நெலம் நீச்சு கீற வூட்டுக்குப் போறா. போவட்டும், வுடு." நானும் சும்மா இருக்கவில்லை. "இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்காத" என்றேன். நீ மிதிக்கவில்லை. அந்த ஒரு பேச்சைத்தான் நீ கேட்டிருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மகராசி கேட்ட முதல் கேள்வி: "இன்னாடி, அம்மாம் பெரிய கப்பல்ல வூட்டு கேன் வெச்சிகினுகீறாங்களா, இல்லியா?" அப்பா போய் இத்தனை வருஷமாகியும் அம்மா அந்தக் கேனை விடவில்லை. அப்பா எங்கே வலைக்குப் போனாலும் பின்பலகைக்கு அடியில் ஒரு கேன் டீசல் தனியாக இருக்கும். படகின் மூக்கு கரைப்பக்கம் திரும்புகிற வரைக்கும் அதில் கை வைக்கக் கூடாது. எவ்வளவு பெரிய மீன்கூட்டம் எதிரில் துள்ளினாலும் சரி. ஒருமுறை நீ அதைத் திறக்கப் போய் அப்பா துடுப்பால் அடித்தாரே, ஞாபகம் இருக்கிறதா?

நீ சொல்லாத ஒன்றை நான் கேட்கிறேன். சிங்கப்பூர் பக்கம் யார் போனைப் பிடுங்கி வைக்கிறார்கள்?

சரி, நீ சொல்ல மாட்டாய். நான் என் கதையைச் சொல்கிறேன். ஆபீஸ் விஷயம் வெளியே பேசக் கூடாதுதான். நடுக்கடலில் நிற்கிற உன்னிடம் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? சிறுசேரியில் என் வேலை, சேட்டிலைட் படத்தைப் பார்த்து எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று சொல்வது. சில டாங்கர்கள் இருக்குமிடம் காட்டுகிற கருவியை அணைத்துவிட்டு, பெயரை மாற்றிப் பெயின்ட் அடித்துக்கொண்டு திரியும். போர் நடக்கிற ஒரு கடலில், நங்கூரம் போட்டு நிற்கிற கூட்டத்தில் எந்தக் கப்பலில் ராணுவ டீசல் இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு கப்பலின் தளத்தில் மட்டும் காலையில் எடுத்த படத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் தெரியும், சாயங்காலம் எடுத்ததில் இருக்காது. ரிப்பேர் வேலைக்குப் போட்ட மூடுதுணி என்றார்கள். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். துணி மேல் வரிசை வரிசையாகக் கருப்புப் புள்ளிகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், இது கருவாடு. யாரோ மீன் காய வெச்சிகினுகீறாங்க" என்றேன். அதே இடத்தில் அதே துணி, போன மாதம் வேறு பெயரோடு நின்ற கப்பலிலும் இருந்தது. இரண்டும் ஒரே கப்பல் என்று நிரூபித்துவிட்டோம். டீம் லீடர் ஹரிகிருஷ்ணன் எல்லார் முன்னாலும் கை தட்டினார்.

கவுச்சி பிடிக்காமல் போனவள் என்றாயே, அந்தக் கவுச்சிதான் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

கூரை ஷீட் மாற்றியாகிவிட்டது.

சுவேதா


கப்பல்
மார்ச் 10

பாப்பா,

அது தமிழ்வாணனுடைய வேட்டி.

பொங்கலுக்குக் கட்டிக்கொள்ளச் சொல்லி அவன் அம்மா பெட்டியில் வைத்து அனுப்பியது. மீனைக் கீறி உப்புத் தடவி அடுக்குகிறவன் நான். நம் அம்மா செய்கிற மாதிரி முதுகுப் பக்கம் கீறுவேன். காலையில் விரிப்போம். பனி இறங்குவதற்கு முன்னால் சுருட்டி எடுத்துவிடுவோம். ஒரு மாதமாக அரிசியும் பருப்பும்தான் வருகிறது, கறி என்று எதுவும் கிடையாது. தூண்டில் போட்டால் பாறை மீன் மாட்டுகிறது, சூரை மாட்டுகிறது. மீதியை என்ன செய்வது? காய வைத்தோம். குப்பத்தில் பிறந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்?

உன் கடிதத்தைப் படித்ததும் ஓடிப்போய் வேட்டியை இழுத்துச் சுருட்டினேன். "இன்னா அண்ணாத்த, மழையா?" என்று தமிழ்வாணன் வானத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். ஒரு மேகம்கூட இல்லை. அதற்குப் பிறகு மேலே பார்க்காமல் என்னால் தளத்தில் நடக்க முடியவில்லை.

சிங்கப்பூர் என்று சொன்னது பொய். பாதி வழியில் கப்பல் மாற்றினார்கள். என்ன சரக்கு என்று கேட்காமல் ஏற நான் சின்னப் பிள்ளை இல்லை. டீசல் என்று தெரியும், யாருக்கு என்று தெரியாது. இங்கே வந்த பிறகு துப்பாக்கியோடு நாலைந்து பேர் ஏறினார்கள். சரக்கு வால்வு ஒவ்வொன்றிலும் கம்பி போட்டு முத்திரை வைத்தார்கள். ராணுவத்துக்கு என்று அப்போது புரிந்தது. இறக்க வேண்டிய துறையில் குண்டு விழுந்து குழாயெல்லாம் போய்விட்டதாம். அதனால்தான் நின்றுகொண்டே இருக்கிறோம்.

உன் மேல் கோபப்படத்தான் உட்கார்ந்தேன். கோபம் வரமாட்டேன் என்கிறது. அந்த ரிப்போர்ட்டை யாருக்குக் கொடுத்தீர்கள்? அதை மட்டும் சொல்.

அம்மாவிடம் மூச்சு விடாதே.

அண்ணன்


செங்கல்பட்டு
மார்ச் 12

அண்ணா,

யாருக்கு என்று எங்களுக்குச் சொல்வதில்லை. கஸ்டமர் என்று ஒரு நம்பர் இருக்கும். இன்ஷூரன்ஸ்காரர்களாகவும் இருக்கலாம், எண்ணெய் வியாபாரிகளாகவும் இருக்கலாம். வேறு யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதை இத்தனை நாள் நான் யோசித்ததே இல்லை. யோசிக்காமல் இருப்பது வசதியாக இருந்தது.

கேபில் ஆபீஸுக்குப் போகும்போது உன் கடிதம் வந்தது. கேளம்பாக்கத்தில் இறங்கி ரோட்டோரத்தில் வாந்தி எடுத்தேன். டிரைவர் பாவம், நல்ல செய்தி என்று நினைத்து, "இன்னாம்மா, எத்தினி மாசம்?" என்றார்.

நேரே ஹரிகிருஷ்ணனிடம் போய், நான் சொன்னது தப்பாக இருக்கலாம், ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள் என்றேன். போனது போனதுதான் என்றார். என் அண்ணன் அந்தக் கப்பலில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. "அப்டின்னா நீ அந்தக் கடலையே பாக்கக் கூடாது, சுவேதா. ரூல்ஸ் அது" என்று வேறு டெஸ்க்குக்கு மாற்றிவிட்டார். இப்போது எனக்கு வேறு எங்கோ ஒரு கடல். உன்னைப் பார்க்க முடியவில்லை. டீ எடுக்கப் போகிற சாக்கில், இப்போது அந்தப் பகுதியைப் பார்க்கிற திவ்யா பின்னால் நின்று அவள் திரையை எட்டிப் பார்க்கிறேன்.

திவ்யா அங்கே தரையையும் பார்க்கிறாள். அதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கடலோரத்தில் ஒரு பட்டணத்தைப் பிடிக்க வந்த டாங்கிகள் அதற்கு வெளியே நெடுஞ்சாலையில் நிற்கின்றன. பொங்கலுக்கு முந்தின நாள் பரனூர் டோல்கேட்டில் வண்டிகள் நிற்குமே, அப்படி. அவற்றை யாரும் அடிக்கவில்லை, பாலம் எதுவும் உடையவில்லை. டீசல் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். பட்டணம் உடனே விழுந்துவிடும் என்ற நினைப்பில், பின்னால் வர வேண்டிய டீசல் லாரிகளுக்குக் காத்திராமல் ஓடி வந்திருக்கிறார்கள். லாரிகளை மற்றப் பக்கத்துக்காரன் வழியிலேயே எரித்துவிட்டான். இப்போது சிப்பாய்கள் டாங்கி நிழலில் படுத்திருக்கிறார்கள். பீரங்கிக் குழாயில் துணி காய்கிறது. அப்பா மட்டும் அந்தத் தளபதியைப் பார்த்திருந்தால் துடுப்பை எடுத்திருப்பார்.

பட்டணத்தின் இன்னொரு பக்கத்தில் கடற்கரைச் சாலை. அதில் ஜனங்கள் வெளியேறிக்கொண்டே இருக்கிறார்கள். தள்ளுவண்டி, சைக்கிள், வெறும் நடை. டாங்கி நகராத வரைக்கும்தான் அவர்களுக்கு வழி.

புரிகிறதா அண்ணா? அவர்கள் காத்திருப்பது உன் காலுக்குக் கீழே இருக்கிற டீசலுக்கு. அது கரை சேர்ந்தால் பட்டணம் போய்விடும். ஆகவே மற்றவர்கள் அதைக் கரை சேர விடமாட்டார்கள். எந்தக் கப்பல் என்று நான் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

இறங்கிவிடு. எப்படியாவது இறங்கிவிடு. உயிர்காப்புப் படகு இருக்குமே, அதில் டீசல் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்.

பாப்பா


கப்பல்
மார்ச் 16

பாப்பா,

இறங்கிவிடு என்று எழுதியிருக்கிறாய். திருக்கழுக்குன்றம் பஸ்ஸா, கை தட்டி நிறுத்தச் சொல்ல? ஏசுதாஸ் படகில் ஒளிந்து போகலாம் என்று பார்த்தால், துப்பாக்கிக்காரன் ஒருவன் ஏணி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். ஏசுதாஸ் இறங்கும்போது தலையை எண்ணித்தான் விடுகிறான்.

உயிர்காப்புப் படகைப் போய்ப் பார்த்தேன். டாங்க் காலி. தட்டினால் தகர டப்பா சத்தம் கேட்கிறது. விசாரித்தால், ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துபோய் கேப்டனே அதை உறிஞ்சி எடுக்கச் சொன்னாராம். சிரிக்காதே. கீழே கடல் மாதிரி டீசல் கிடக்கிறது, மேலே விளக்கெரிய டீசல் இல்லை. சரக்கில் ஒரு சொட்டு எடுத்தாலும் சுடுவேன் என்கிறான் முத்திரை வைத்தவன். அம்மாவுக்கு இந்தக் கப்பலைப் பற்றி எப்படித்தான் தெரிந்ததோ.

ஏசுதாஸிடம் ஒரு கேன் டீசல் கேட்டேன். அவர் படகுக்கு அளந்துதான் டீசல் கொடுக்கிறார்கள். "கருவாடு இருக்காப்பா? வீட்ல கேட்டுட்டே இருக்கா" என்றார். இருந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தேன். அடுத்த முறை தண்ணீர் டிரம்முக்கு நடுவில் ஒரு கேனைச் செருகிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டார். கயிற்றுக் குவியலுக்கு அடியில் மறைத்து வைத்திருக்கிறேன். பகலில் படகிடம் போக விட மாட்டார்கள். சமயம் பார்த்து ஊற்ற வேண்டும். தமிழ்வாணனிடம் மட்டும் சொன்னேன். "வூட்டு கேனா அண்ணாத்த? எங்கப்பாவும் வெப்பாரு. நாங்க சாமி கேன்னு சொல்லுவோம்" என்றான்.

இன்னொன்று. டீசலை வாங்கிக் கரைக்குக் கொண்டுபோகிற தட்டைப் படகு, பார்ஜ், வந்துவிட்டது. நேற்றே பம்ப்பை ஓட்டச் சொன்னார்கள். நான் ஓட்டவில்லை. எண்ணெய் கசியாமல் அடைக்கிற சீல் போய்விட்டது, பம்ப் காற்று வாங்குகிறது, ஓட்டினால் சூடேறித் தீப்பிடிக்கும் என்று சொல்லிப் பிரித்துப் போட்டுவிட்டேன். சீல் நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் செய்தேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. அந்தத் தள்ளுவண்டி, சைக்கிள் என்று நீ எழுதினாயே, அது தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதாமல் இருந்திருக்கலாம் நீ.

இன்று சாயங்காலம் துப்பாக்கிக்காரர்களின் தலைவன் வந்து பிரித்துப் போட்ட சாமான்களைப் பார்த்தான். அவனுக்கு பம்ப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் போலிருக்கிறது. சீலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நாளைக்கு ஓட்டித்தான் ஆக வேண்டும்.

பயமாக இருக்கிறது பாப்பா. அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

அண்ணன்


குப்பம்
மார்ச் 21

அண்ணா,

ஏசுதாஸ் அண்ணன் போன் எடுக்கவில்லை. இந்தக் கடிதம் யாருக்குப் போகிறதென்று தெரியாமல் எழுதுகிறேன்.

பதினெட்டாம் தேதி திவ்யா என்னைக் கூப்பிடவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் திரையைப் பார்த்தேன். உன் கப்பல் நின்ற இடத்திலிருந்து கருப்புப் புகை கிளம்பிப் படத்தின் விளிம்பு வரைக்கும் போகிறது. புகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியவில்லை. யாரும் பார்க்காதபோது படம் எடுக்கக் கூடாதென்று ஆபீஸில் போன் கேமராவில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டு, புகைக்கு முந்தின படங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டேன். மாட்டினால் வேலை போகும். போகட்டும்.

அன்றைக்கு மத்தியானம் மேலிடத்திலிருந்து பாராட்டி மெயில் வந்தது. நம் அடையாளம் சரியாக இருந்ததாம். விஷயம் தெரியாத யாரோ கேக் வாங்கி வந்துவிட்டார்கள். ஹரிகிருஷ்ணன் அதை வெட்ட விடாமல் பான்ட்ரிக்கு எடுத்துப் போகச் சொன்னார். அது என்னைக் கடந்து போகும்போது கண்ணாடி மூடி வழியாகப் பார்த்தேன். க்ரீமில் ஒரு சின்னக் கப்பல் போட்டிருந்தது.

தீனதயாளன் என்னை ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார். மகாபலிபுரம் தாண்டிக் குப்பத்துக்குப் போனோம். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேட்டி, ரிப்போர்ட், எல்லாம். அடிப்பாள் என்று நினைத்தேன். மணலில் கால் நீட்டி உட்கார்ந்தவள், "கேன் வெச்சிகினுகீறேன்னு எழுதினான் இல்ல? அப்ப வருவான்" என்றாள். இரண்டு நாளாக அடுப்பு மூட்டவில்லை. தீனதயாளன் ஓட்டலில் நாஸ்தா வாங்கி வந்து கொடுத்தால், அதையும் பிரிக்காமல் வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நானும் பார்க்கிறேன். நீ இருப்பது இந்தக் கடலில்கூட இல்லை என்று தெரிந்தும் பார்க்கிறேன்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

பாப்பா


ஏசுதாஸ் இருக்கிற ஊர், ஆஸ்பத்திரி
மார்ச் 27

சுவேதா,

உயிரோடு இருக்கிறேன். இடது கையில் தோல் போய்விட்டது, வலது கை நன்றாக இருக்கிறது. அம்மாவுக்கு முதலில் இதைப் படித்துக் காட்டு. மீதியை நீ மட்டும் படி.

தமிழ்வாணன் இல்லை.

பார்ஜைக் கட்டி பம்ப்பை ஓட்ட வைத்தார்கள். பின்னால் ஒருவன் துப்பாக்கியோடு நின்றான். எல்லாருடைய கண்ணும் பார்ஜ் மேல் இருந்ததால், கேனை ஊற்ற இதைவிட்டால் சமயம் கிடைக்காது என்று தோன்றியது. வயிறு சரியில்லை என்று சொன்னேன். "நீ போ அண்ணாத்த, நான் நிக்கிறேன்" என்று தமிழ்வாணன் பம்ப் அறையில் என் இடத்துக்கு வந்தான். நான் படகின் டாங்கில் கேனைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். ட்ரோன் வந்த சத்தம் தையல் மெஷின் சத்தம் மாதிரி இருந்தது. பம்ப் அறை மேலேதான் விழுந்தது. அவனைத் தேடி இறங்கப் போனேன். படியே இல்லை.

மற்றவர்கள் படகில் ஏறினோம். தண்ணீர் மேல் எண்ணெய் எரிந்துகொண்டு வந்தது. இன்ஜின் பிடித்தது. அந்த ஒரு கேன், தீயிலிருந்து விலகுவதற்குப் போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் ஒரு மைல்கூட ஓடியிருக்காது. ஏசுதாஸ்தான் தேடி வந்து கட்டி இழுத்தார்.

நீ பார்த்த டாங்கிகளை அவர்கள் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்தே திரும்பிப் போனார்களாம். பட்டணம் விழவில்லை. அங்கிருந்து வந்த ஜனங்கள் இந்த ஆஸ்பத்திரி வாசலில் கூடாரம் போட்டிருக்கிறார்கள். ஒரு பெண்மணி தினமும் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து வார்டில் கொடுக்கிறாள். அந்தக் கப்பலை எரித்தவர்களின் கை நன்றாக இருக்க வேண்டும் என்று அவள் சொன்னதை ஏசுதாஸ் எனக்குச் சொன்னார். நான் அந்தக் கப்பல் ஆள் என்று அவளுக்குத் தெரியாது. அவள் கொடுத்த ரொட்டியைத் தின்றேன். பசித்தது.

இங்கே படுத்துக்கொண்டு எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது. வேட்டியில் மீன் காய்கிறது என்று பார்த்ததும் உனக்குத் தெரிந்துவிட்டது. ஆபீஸில் வேறு யாருக்கும் தெரியாதது உனக்கு மட்டும் தெரிந்தது. நம்மை மாதிரி ஒரு குப்பத்துப் பிள்ளை அந்தக் கப்பலில் இருக்கிறான் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்தாய், தெரிந்துதான் எழுதிக் கொடுத்தாய். அது நான் என்று ஆன பிறகுதான் வாந்தி எடுத்தாய். நான் இல்லாமல் வெறும் தமிழ்வாணன் மட்டும் இருந்திருந்தால் நீ அன்றைக்கு ராத்திரி தூங்கியிருப்பாயா, மாட்டாயா?

நல்ல பதில் வேண்டாம். உள்ளதைச் சொல்.

கை ஆறினால் ஊருக்கு அனுப்புவார்களாம். ஆனால் உன் வீட்டுக்கு வருவதாக இல்லை.

சுதாகர்


புதுப்பட்டினம்
ஏப்ரல் 2

அண்ணா,

தூங்கியிருப்பேன். கேக்கும் சாப்பிட்டிருப்பேன்.

இதை எழுத ஆறு நாள் ஆகிவிட்டது. பட்டணம் பிழைத்ததே, சைக்கிளில் போனவர்கள் பிழைத்தார்களே என்று நியாயம் பேசி ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். அந்த நியாயம் பொய்யில்லை. ஆனால் நீ கேட்டது அதையல்ல. அந்த வெள்ளைத் துணியைப் பார்த்தபோது எனக்குப் பட்டணமும் நினைவில்லை, ஜனங்களும் நினைவில்லை. மற்றவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது என்கிற சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. துணியை விரித்த கை யாருடையது என்று ஒரு நிமிஷம் நின்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதித்தான் கொடுத்திருப்பேனோ என்னவோ. அதுவும் தெரியவில்லை. ராத்திரியில் எழுந்து எழுந்து உட்கார்கிறேன்.

நேற்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கே தமிழ்வாணன் வீட்டுக்கு வந்தேன். மார்க்கெட்டில் கல்பாக்கம் டவுன்ஷிப்காரர்களுக்கு மீன் விற்கிறவள் அவன் அம்மா, சம்பூர்ணம். கூடையைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். உடம்பு வராத வீட்டில் எப்படி அழுவதென்று யாருக்கும் தெரியவில்லை. அவன் சட்டை ஒன்றை நாற்காலியில் போட்டு மாலை வைத்திருந்தார்கள்.

நம் அம்மா என்னைச் "சுதாகர் தங்கச்சி" என்றாள். யாரோ பின்னாலிருந்து, "சிறுசேரில கம்ப்யூட்டர்ல கப்பல்லாம் பாக்குதாம் அந்தப் பொண்ணு" என்றார்கள். சம்பூர்ணம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்மாடி, அது எந்த எடத்துல நின்னுகினு இருந்துச்சுன்னு எனக்குக் காட்டேன். எடம் தெரிஞ்சா போதும். அந்தப் பக்கம் பாத்து ஒரு கும்புடு போட்டுக்குவேன்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். போனை எடுத்தேன். புகை வருவதற்கு முந்தின படங்களில் ஒன்றைக் காட்டினேன். நீ வேட்டியைச் சுருட்டுவதற்கு முன்னால் எடுத்த படம் அது. விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனாள். அவள் விரலில் செதில் கீறிய பழைய தழும்புகள். வெள்ளைச் சதுரத்தில் வந்து நின்றாள்.

"இது இன்னாது?"

"துணிக்கா. மீன் காய வெச்சிகினுகீறாங்க."

"வேட்டி" என்றாள். "எம் புள்ள வேட்டி இது. அரக்கு கரை போட்டது, திருக்கழுக்குன்றத்துல எடுத்தேன். கரை தெரியல, ஆனா அதான்." பிறகு போனை மார்பில் வைத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் குலுங்கினாள். சுற்றி இருந்தவர்களெல்லாம் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். பிள்ளையின் வேட்டியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் என்று என் தலையைத் தடவினாள் ஒருத்தி. டீ கொடுத்தார்கள். குடித்தேன். நீ ரொட்டி தின்றாயே, அப்படி.

சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். என் அம்மா என் முழங்காலை அழுத்தினாள். சொல்லாதே என்றா, இப்போது வேண்டாம் என்றா, தெரியவில்லை.

வேலையை இன்னும் விடவில்லை. விடுவேனா என்று இன்றைக்குச் சொல்ல மாட்டேன். நீ உள்ளதைக் கேட்டாய்.

கை ஆறியதும் வந்துவிடு. என் வீட்டுக்கு வர வேண்டாம். அந்த வாசப்படியை நீ மிதிக்காவிட்டால் போகிறது. நேரே புதுப்பட்டினத்துக்கு வா, நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். அவள் பிள்ளை யாருடைய இடத்தில் நின்றான் என்று நீ சொல்ல வேண்டும். அந்த வேட்டியை யார் காட்டிக் கொடுத்தது என்று நான் சொல்ல வேண்டும். நான் ஒருத்தியாகப் போய் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

உனக்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

பாப்பா